ரயிலை விட்டு இறங்கினால் எதிரே கோட்டை: பெர்க்கம்ஸ்டெட்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் இருக்கிற பெர்க்கம்ஸ்டெட். காலையில் லண்டனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் காபியும் கையுமாக நிற்கிற நடைமேடை இதுதான். பக்கத்திலேயே பாருங்கள், அந்தப் பச்சை மேடு, அகழி, இடிந்த சுவர்... கோட்டையேதான்!

1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் இங்கிலாந்து மன்னரை ஜெயித்த நார்மண்டிக் கோமகன் வில்லியம் நேராக லண்டனுக்குள் போகவில்லை, சுற்றி வளைத்து இந்த ஊருக்கு வந்தார், ஆங்கிலேயப் பெருந்தலைகள் இங்கேதான் அவரிடம் பணிந்தார்கள், அதற்கப்புறம்தான் கிறிஸ்துமஸ் அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டு. 1216இல் பிரெஞ்சு இளவரசர் லூயி இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார், இரண்டு வாரம் தாங்கியது. ரயில் வந்தபோதுதான் உண்மையான ஆபத்து. லண்டன்–பர்மிங்ஹாம் பாதை போடுவதற்கான 1833 சட்டத்திலேயே கோட்டைக்குப் பாதுகாப்பு கொடுத்தார்கள், ஆனாலும் வெளிவாசல் இருந்த இடம் தண்டவாளத்துக்குப் போய்விட்டது.

அதே ரயில் பிற்பாடு ஊருக்கு ஒரு நல்லதும் செய்தது, இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊருக்கு மேலே ஒரு பெரிய மேய்ச்சல் காடு இருக்கிறது. நிலம் பிரபுவுடையது, ஆனால் ஆடு மாடு மேய்க்கவும் விறகு வெட்டவும் ஊராருக்கு உரிமை உண்டு. 1866இல் பிரவுன்லோ பிரபு அதில் 400 ஏக்கருக்கு மேல் வளைத்து ஐந்தடி உயர இரும்பு வேலி போட்டுவிட்டார். அகஸ்டஸ் ஸ்மித் என்று ஒருவர், அவரும் பெரிய பணக்காரர்தான், மனு எழுதிக்கொண்டு உட்காரவில்லை. மார்ச் 6ஆம் தேதி ராத்திரி யூஸ்டனிலிருந்து தனி ரயிலில் 120 கூலியாட்களை ஏற்றி பக்கத்து ஊரான டிரிங் ஸ்டேஷனில் இறக்கி, இருட்டிலேயே நடந்து போய், வேலி முழுவதையும் பிடுங்கிப் போட்டார்கள். அப்புறம் வழக்கு, 1870இல் தீர்ப்பும் ஸ்மித் பக்கம்தான். இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் அங்கே நடக்கலாம்.

சரி, இப்போது ஹை ஸ்ட்ரீட். 173ஆம் நம்பர் கடை, முகப்பைப் பார்த்தால் விக்டோரியா காலத்துக் கட்டடம், ஒன்றும் விசேஷமில்லை. உள்ளே இருக்கிற மரச்சட்டங்களின் வளர்ச்சி வளையத்தை எண்ணிப் பார்த்தால் 1277க்கும் 1297க்கும் நடுவில் வெட்டிய மரமாம், நானும் எத்தனையோ தடவை கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். கொஞ்சம் தள்ளி ரெக்ஸ் தியேட்டர், 1938இல் திறந்து, 1988இல் மூடி, 2004இல் மறுபடி திறந்தது.

கடைசியாகக் கால்வாய்க் கரை. அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு கனடா பழங்குடி டோட்டம் கம்பம், முகம் முகமாகச் செதுக்கியது! முன்பு இங்கே இருந்த மரவாடிக்காரர்கள் 1960களில் வரவழைத்தது. மரவாடி போய்விட்டது, கம்பம் மட்டும் நிற்கிறது. பாலத்தின் மேலிருந்துதான் படம் எடுக்க முடிகிறது, கிளை வேறு மறைக்கிறது, இருங்கள், ஜூம் போடுகிறேன்.