சிங்கப்பூரில் ஒரு ராத்திரி லேஓவர்: எப்போது ஊருக்குள் போகலாம், எப்போது தூங்கலாம்?

[திரையில்: சாங்கி விமான நிலையத்தின் புறப்பாட்டுப் பலகை]

வணக்கம். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் டிக்கெட் தேடிப் பாருங்கள். இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டில் பெரும்பாலும் ஒரு வில்லங்கம் இருக்கும். சிங்கப்பூரில் மாலையோ இரவோ இறங்கி, மறுநாள் காலை வரை அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம்.

இந்த நேரத்தை என்ன செய்வது? ஒரே இரவில் ஊர் முழுக்கச் சுற்றலாம் என்று இணையத்தில் பட்டியல் போடுகிறார்கள். அதை நம்பாதீர்கள். சிங்கப்பூரில் ஒரு ராத்திரி என்றால் உருப்படியான நேரம் இரண்டே துண்டுதான். மாலை ஏழிலிருந்து பதினொன்று வரை ஒன்று, காலை ஐந்தரைக்கு மேல் இன்னொன்று. நடுவில் உள்ளது தூங்குவதற்கு. உங்களுக்கு எந்தத் துண்டு கிடைக்கிறது என்று தெரிந்துவிட்டால் திட்டம் தானாக அமைந்துவிடும்.

இதை முடிவு செய்வது ரயில். சாங்கியிலிருந்து நகரத்துக்குப் போகும் எம்ஆர்டி ரயில் இரவு பதினொன்றேகால் வாக்கில் ஓய்ந்துவிடும். மறுபடி தொடங்குவது காலை ஐந்தரை வாக்கில். நடுராத்திரியில் போகவே முடியாதா என்றால், போகலாம். டாக்சி உண்டு, செயலியில் அழைக்கும் கிராப் வண்டி உண்டு, இருபது கிலோமீட்டர்தான், ரோடு காலியாக இருக்கும். ஆனால் மீட்டர் டாக்சியில் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டர் தொகையில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்து வாங்குவார்கள். அதையும் கொடுத்து, பூட்டிய கடைகளைப் பார்க்கப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

[திரையில்: கடவுச்சீட்டு, போர்டிங் பாஸ்]

சரி, வெளியே போக அனுமதி உண்டா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இலங்கை, மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா கவலை இல்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். ஆனால் விமானம் மாறிப் போகிறவர்களுக்கு 96 மணி நேர விசா இல்லாச் சலுகை ஒன்று இருக்கிறது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா, ஜப்பான், ஜெர்மனி, நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, இந்த எட்டு நாடுகளில் ஏதாவது ஒன்றின் விசா அல்லது நீண்ட கால அனுமதி உங்களிடம் இருக்க வேண்டும். அது குறைந்தது ஒரு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் உறுதியான டிக்கெட்டும் கையில் வேண்டும். மெல்பர்னில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு இது அப்படியே பொருந்தும். இருந்தாலும் விடுவதும் விடாததும் குடிநுழைவு அதிகாரியின் முடிவு. விதிகளும் மாறும். கிளம்பும் வாரத்தில் சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதே தளத்தில் வருகை அட்டை ஒன்றையும் நிரப்ப வேண்டும். தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். இலவசம். இதற்குக் காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

அப்புறம், பெட்டி. இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவில் இருந்தால் பெட்டி பெரும்பாலும் நேராகக் கடைசி ஊருக்கே போய்விடும். தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் குடிநுழைவைத் தாண்டிப் போய்ப் பெட்டியை எடுத்து, திரும்பவும் செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். அப்படியென்றால் நுழைவு அனுமதி என்பது ஊர் சுற்ற மட்டும் இல்லை, பயணத்துக்கே தேவை. அது இல்லாவிட்டால் சென்னையிலேயே விமானத்தில் ஏற்ற மறுக்கலாம். இரண்டு மலிவு டிக்கெட்டைக் கோத்துப் பணம் மிச்சம் பிடிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பெட்டி கையிலேயே இருந்தால், சாங்கியில் காசு கட்டி வைத்துவிட்டுப் போகும் பாதுகாப்பறைகள் உண்டு.

[திரையில்: இரவு வரைபடம். எக்ஸ்போ முதல் பேஃபிரண்ட் வரை நீலக் கோடு ஓடுகிறது]

இனி மாலையில் இறங்குகிறவர்களுக்கு. ஆறு மணிக்குத் தரையிறங்கி, காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

விமான நிலைய ரயிலில் ஏறி அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவில் இறங்குங்கள். அங்கே டவுன்டவுன் பாதைக்கு மாறினால் நேராக பேஃபிரண்ட். முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். டிக்கெட் வாங்க வரிசையில் நிற்க வேண்டாம். தொட்டுப் பணம் கட்டும் விசா, மாஸ்டர்கார்டு அட்டையை வாயிலில் காட்டினால் போதும். இந்திய வங்கி அட்டை என்றால், வெளிநாட்டில் தொட்டுக் கட்டும் வசதியை வங்கிச் செயலியில் ஊரிலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வாயிலில் நின்று ஓடிபிக்குக் காத்திருப்பது சிரமம்.

பேஃபிரண்டில் இறங்கினால் கரையோரப் பூந்தோட்டங்கள். 25 முதல் 50 மீட்டர் உயரமுள்ள ராட்சத மரங்கள் போன்ற கோபுரங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். தினமும் இரவு 7:45க்கும் 8:45க்கும் அங்கே இசையோடு ஒளிக்காட்சி. கால் மணி நேரம். காசு கிடையாது. புல்லில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதுதான் அங்கே வழக்கம், கூச்சப்படாதீர்கள். கண்ணாடிக் கூடங்களுக்குள் போகக் கட்டணம் உண்டு, நேரமும் தின்னும். இந்த இரவுக்கு அது வேண்டாம்.

அங்கிருந்து நடை. இதுதான் இந்த வீடியோவில் நான் உங்களை விடாப்பிடியாகச் செய்யச் சொல்லும் ஒரே காரியம். மரினா பே சாண்ட்ஸ் ஓட்டலின் மூன்று கோபுரங்களைக் கடந்து, முறுக்கிய கம்பிக் கூண்டு போலிருக்கும் ஹீலிக்ஸ் பாலத்தில் ஏறுங்கள். அக்கரையில் எஸ்பிளனேட் கலையரங்கம். அதன் முள் முள்ளான கூரையைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் டுரியான் பழம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தண்ணீரை ஒட்டியே நடந்தால் மெர்லயன். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட, 1972 முதல் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கும் 8.6 மீட்டர் சிலை. நேரில் பார்த்தால் கொஞ்சம் சின்னதாகத்தான் தெரியும், ஏமாற வேண்டாம். அங்கே வரக் காரணம் சிலை இல்லை. சிலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றால், நீங்கள் நடந்துவந்த வளைகுடா முழுவதும் விளக்கோடு எதிரே விரியும். பின்னால் இருக்கும் தூண் வைத்த வெள்ளைக் கட்டடம் ஃபுல்லர்ட்டன். 1928இல் திறந்தபோது ஊரின் தலைமைத் தபால் நிலையம் அதற்குள்தான் இருந்தது. இப்போது ஓட்டல்.

[திரையில்: புகை, நெருப்பு, சதே குச்சிகள்]

அதற்குள் பசி வந்திருக்கும். இன்னும் பத்து நிமிடம் நடந்தால் லாவ் பா சாட். 1894இல் கட்டிய எண்கோண வடிவ வார்ப்பிரும்புச் சந்தைக் கட்டடம், இன்று உணவங்காடி. மாலை ஏழுக்கு மேல் பக்கத்திலுள்ள பூன் டாட் தெருவில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, மேசை போட்டு, சதே சுட ஆரம்பிப்பார்கள். கோழியோ ஆடோ குச்சியில் கோத்துக் கரியில் வாட்டி, வேர்க்கடலைச் சாறோடு தருவார்கள். தனித்தனிக் குச்சியாகக் கேட்டு நிற்காதீர்கள், பத்துப் பத்தாகச் சொல்வதுதான் பழக்கம். காலி மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் மட்டும் இருந்தால் அது யாரோ பிடித்துவைத்த இடம். அதை நகர்த்திவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்டபின் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் இது சட்டம், அபராதமும் உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் மெர்லயன் வரை போகாமல், அதே டவுன்டவுன் பாதையில் பேஃபிரண்டிலிருந்து நான்காவது நிறுத்தமான லிட்டில் இந்தியாவுக்குப் போய்விடலாம். சிராங்கூன் சாலையில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸில் தோசை கிடைக்கும். முஸ்தஃபா சென்டர் என்ற பெரிய பல்பொருள் கடையும் அங்கேதான். ஆனால் நம் ஊரிலிருந்து கிளம்பிய சில மணி நேரத்தில் சிராங்கூன் சாலை எதற்கு என்று எனக்குத் தோன்றும். ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அந்தத் தெரு வேறு மாதிரி இனிக்கும். அவர்கள் தாராளமாகப் போகட்டும்.

போகும் திசையைச் சொன்னதும் இன்னொன்று. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே. சென்னையிலிருந்து வருகிறவருக்கு அங்கே இரவு பதினொன்று என்றால் உடம்புக்கு எட்டரைதான். தூக்கமே வராது, நன்றாகச் சுற்றலாம். சிட்னியிலிருந்து வருகிறவருக்கு அதே பதினொன்று, உடம்புக்கு நடுராத்திரியைத் தாண்டிய நேரம். அவர் இந்த நடையில் பாதியை வெட்டிவிட்டு ஒன்பதரைக்கே ரயிலேறுவது நல்லது. மற்றவர்கள் எப்படியும் பதினொன்றுக்குள் திரும்பும் ரயிலில் இருக்க வேண்டும்.

[திரையில்: சாங்கியின் உள்ளே, மங்கிய விளக்குகள்]

இரவு பத்தரைக்கு மேல் இறங்குகிறீர்களா? ஊரை மறந்துவிட்டுத் தூங்குங்கள். முனையங்களுக்குள்ளேயே, குடிநுழைவைத் தாண்டாமல், ஆறு மணி நேரக் கணக்கில் அறை தரும் டிரான்சிட் ஓட்டல்கள் உண்டு. முன்பே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைப்பது கஷ்டம். காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் கால் நீட்டிப் படுக்கும் இலவச இருக்கைகள் இருக்கின்றன. குளிர் நன்றாக உறைக்கும், ஒரு சால்வை கைப்பையில் இருக்கட்டும்.

அடுத்த விமானம் காலை பத்து, பதினொன்றுக்கு என்றால் முதல் ரயிலைப் பிடித்து லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தைக்குப் போய்வரலாம். அங்கே ஏழு மணிக்குத்தான் விடியும். கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரியில் இருந்துகொண்டு 120 டிகிரிக்கு உரிய கடிகாரத்தை வைத்திருக்கிற ஊர் அது. இருட்டோடு போய் இறங்கினால் கீழே மீனும் கீரையும் வந்து இறங்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே உணவங்காடி. ஒரு பரோட்டா, ஒரு தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர். எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். விமானம் எட்டு மணிக்கே என்றால் இந்த ஆசை வேண்டாம்.

வெளியே போக அனுமதி இல்லாதவர்களும் ஒன்றைப் பார்க்கலாம். சாங்கியை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்தின் 40 மீட்டர் உள்ளரங்க அருவி குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது. ஆனால் முனையம் 2க்கும் 3க்கும் இடையே ஓடும் இலவச ஸ்கைட்ரெயின் அந்தக் கூடத்துக்குள் நுழைந்துதான் போகிறது. சன்னலோரம் நின்றால் சில விநாடிகள் அருவி தெரியும். இரவு பத்து வாக்கில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், அதற்கு முன் ஏறுங்கள். ஜுவலையும் மரினா பே சாண்ட்ஸையும் வடிவமைத்தவர் ஒருவரே, மோஷே சாஃப்டி.

கொண்டுபோகவும் செய்யவும் கூடாதவை: வேப் எனப்படும் மின் சிகரெட்டுக்கு அங்கே முழுத் தடை. சூயிங்கம் 1992 முதல் தடை. இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் மது குடிக்கக் கூடாது.

சிங்கப்பூரில் காயா எனப்படும் தேங்காய்ப்பால், முட்டை ஜாம் பாட்டில் வாங்கினீர்களா? முனையம் 1, 2, 3இல் கைப்பைச் சோதனை விமான வாயிலில்தான் நடக்கும். அதுவரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கடைசி நிமிடத்தில் நூறு மில்லியைத் தாண்டிய ஜாமை எடுத்து வைத்துக்கொள்வார்கள். அடுத்த விமானம் முனையம் 4இலா என்பதையும் போர்டிங் பாஸில் பாருங்கள். அங்கே ஸ்கைட்ரெயின் போகாது. பஸ்தான், அதற்கு ஒரு அரைமணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.