பெடலை விடாதீர்கள்: ஏபிஎஸ் பிரேக்கும் நாமும்

நேயர்களுக்கு வணக்கம்.

புதுக் கார் வாங்கிய சில மாதங்களில் பலர் வொர்க்‌ஷாப்புக்கு ஒரு புகாரோடு வருவார்கள். "சார், நேத்து மழையில சடன் பிரேக் போட்டேன். பெடல் தடதடன்னு உதறுது, கீழேருந்து கரகரன்னு சத்தம். பயந்து காலை எடுத்துட்டேன்." வண்டியை ஏற்றிப் பார்த்தால் எந்தக் கோளாறும் இருக்காது. ஏபிஎஸ், அதாவது சடன் பிரேக்கில் சக்கரம் சுற்றாமல் நின்று வழுக்குவதைத் தடுக்கும் கருவி, அன்றுதான் முதல் தடவையாக வேலை செய்திருக்கிறது. என்னைக் கவலைப்பட வைப்பது அவர்கள் கடைசியாகச் சொல்லும் அந்த வார்த்தைதான்: காலை எடுத்துவிட்டேன் என்பது. காப்பாற்ற வந்த கருவியை, அது வேலை செய்யும் நொடியிலேயே நிறுத்திவிடுகிறோம்.

சக்கரம் உருளும்வரைதான் டயருக்குச் சாலையில் முழுப் பிடிப்பு இருக்கும். பிரேக்கை ஒரேயடியாக அழுத்தினால் சக்கரம் 'லாக்' ஆகிவிடும். வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். அப்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி கேட்காது. வண்டியின் வேகத்தைவிடச் சக்கரம் 10 முதல் 30 சதவீதம் மெதுவாகச் சுற்றும்போதுதான் பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஏபிஎஸ் சக்கரத்தை அந்த எல்லைக்குள் வைத்திருக்கப் பார்க்கிறது.

சக்கரத்தின் ஹப்பை ஒட்டி ஒரு பல் வளையம் இருக்கும், அதன் அருகே சுண்டுவிரல் பருமனில் ஒரு சென்சார். எத்தனை பல் கடந்தது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரம் திடீரென்று நிற்கப் போகிறது என்று தெரிந்ததும், கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலை வால்வை மூடி நிறுத்தும். அதுவும் போதாவிட்டால் இன்னொரு வால்வைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் மறுபடி அழுத்தம். இப்படி விநாடிக்குப் பத்துப் பதினைந்து முறை. வெளியேறிய ஆயிலை ஒரு சின்ன பம்ப் திருப்பித் தள்ளுவதைத்தான் நம் பாதம் உதறலாக உணர்கிறது.

பழைய ஓட்டுநர்கள் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கச் சொல்லித் தருவார்கள். அந்தக் காலத்து வண்டிக்கு அது சரியான பாடம். ஏபிஎஸ் வண்டியில் அப்படிச் செய்யாதீர்கள். நம் கால் விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் மிதிக்கும், அதுவும் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து. இந்தக் கருவியோ ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாகக் கவனிக்கிறது. எனவே முழு பலத்தோடு மிதியுங்கள். கியர் வண்டியென்றால் கிளட்சையும் சேர்த்து மிதியுங்கள். உதறினாலும் பெடலை விடாதீர்கள். எதிரே நிற்கும் மாட்டையே பார்க்காமல், பக்கத்தில் இருக்கும் இடைவெளியைப் பார்த்து ஸ்டியரிங்கை அளவாகத் திருப்புங்கள். வெடுக்கென்று ஒடித்தால், பிடிப்பு உள்ள டயர் வண்டியை எதிர்த்தடத்துக்கே கொண்டுபோய்விடும்.

விமானச் சக்கரங்களுக்காக டன்லப் நிறுவனம் 1950களில் செய்த 'மேக்ஸரெட்' இதற்கு முன்னோடி. 1978இல் போஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காருக்கு வந்தது. பத்தாண்டு கழித்து பிஎம்டபிள்யூ கே100 பைக்கிலும் ஏறியது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது இருசக்கர வண்டிகளுக்கு இது கட்டாயம். வாங்கும்போது சிங்கிள் சேனலா, டூயல் சேனலா என்று கேளுங்கள். சிங்கிள் சேனல் என்றால் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும்தான். பின்பிரேக்கை மட்டும் ஏறி மிதித்தால் பின்சக்கரம் லாக் ஆகி வால் விசிறும். வளைவில் சாய்ந்து போகும்போது சாதாரண ஏபிஎஸ்ஸை நம்பி அழுத்திப் பிடிக்கவும் கூடாது.

எல்லா இடத்திலும் இது தூரத்தைக் குறைக்காது. சரளைக்கல்லிலும் தளர்ந்த மணலிலும், லாக் ஆன சக்கரம் முன்னால் ஒரு மேட்டைக் குவித்துக்கொண்டு நிற்கும்; ஏபிஎஸ் அந்த மேட்டைக் குவிய விடாது, அதனால் இன்னும் கொஞ்சம் ஓடித்தான் வண்டி நிற்கும். டயர் பட்டன் தேய்ந்திருந்தால் எந்தக் கருவியாலும் பிடிப்பைக் கொண்டுவர முடியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். நாம் சுதாரிப்பதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும். ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் டாக்சிகளில் பாதிக்கு ஏபிஎஸ் வைத்து, பாதிக்கு வைக்காமல் ஆராய்ந்தார்கள். விபத்துகளில் பெரிய வித்தியாசமே வரவில்லை. ஏபிஎஸ் இருந்த ஓட்டுநர்கள் துணிந்து ஓட்டினார்கள், முன்வண்டியை ஒட்டி ஓட்டினார்கள்.

சாவியைத் திருப்பியதும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணையும். பைக்கில் வண்டி நகர்ந்த பிறகே அணையும். அணையாவிட்டால் சாதாரண பிரேக் பிடிக்கும், ஏபிஎஸ் இருக்காது. பெரும்பாலும் சென்சாரில் சேறு அல்லது வயர் அறுந்திருக்கும். சின்ன வேலைதான், தள்ளிப்போடாதீர்கள். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள்.

கார் வைத்திருப்பவர்கள், மழை நின்ற ஒரு காலையில் ஆளில்லாத மைதானத்துக்குப் போய், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு, 40இல் ஓட்டி ஒருமுறை முழுசாக பிரேக்கை மிதித்துப் பாருங்கள். உதறல் வந்த பிறகும் வண்டி நிற்கும்வரை காலை அப்படியே வையுங்கள். வீட்டில் வேறு யார் அந்த வண்டியை ஓட்டினாலும், அவர்களையும் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.