படத்தை ஆடிப் பார்ப்பது

நேயர்களுக்கு வணக்கம். திரைப்படங்களை வைத்துச் செய்த வீடியோ கேம்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கோடம்பாக்கத்தில் பல வருடம் கேம் சென்டர் நடத்தியவன் நான். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு டிவி முன்னால் உட்காரவைக்கும் சின்னக் கடை. உங்கள் தெருவிலும் ஒன்று இருந்திருக்கும். அங்கே தினமும் கண்ணில் பட்ட விஷயம் இது: படத்தின் பெயர் போட்ட கேமைத்தான் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். கொஞ்ச நேரத்திலேயே "அண்ணே, வேற போடுங்க" என்பார்கள். ஆனால் அதே வகையில் சில கேம்கள் உண்டு, அவற்றை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள். ஏன் இந்த வித்தியாசம் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் காரணம் நேரம். 1982-ல் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்து உலகமெங்கும் ஓடியது. அதைக் கேமாக்கும் உரிமையை அடாரி நிறுவனம் பெரும் தொகை கொடுத்து வாங்கியது. பேச்சுவார்த்தை முடிந்தபோது ஜூலை மாதக் கடைசி. கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கடையில் இருக்க வேண்டும் என்றால் செப்டம்பர் தொடக்கத்தில் வேலை முடிந்தாக வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற புரோகிராமரிடம் கொடுத்தார்கள். அவர் கையில் இருந்தது ஐந்து வாரம். முன்னால் அவர் செய்த கேம்களுக்கெல்லாம் பல மாதம் எடுத்துக்கொண்டவர். இதில் ஆடுகிறவர் அடிக்கடி குழியில் விழுவார், ஏறி வந்தால் மறுபடி விழுவார். விற்காமல் தேங்கிய சரக்கை 1983-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். 2014-ல் தோண்டிப் பார்த்தபோது கேசட்டுகள் அங்கேயே இருந்தன. உலகத்திலேயே மோசமான கேம் என்று இதை இன்றும் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஐந்து வாரத்தில் முழுசாக ஓடுகிற ஒரு கேமை அவர் செய்து கொடுத்திருக்கிறார். குற்றம் தேதி குறித்தவர்களுடையது.

இதற்கு நேர் எதிரான கதையையும் சொல்ல வேண்டும். 'கோல்டன்ஐ' என்ற ஜேம்ஸ் பாண்ட் படம் 1995 நவம்பரில் வந்தது. அதன் கேம் கடைக்கு வந்தது 1997 ஆகஸ்டில். படம் வந்து ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து! இங்கிலாந்தில் ரேர் என்ற நிறுவனத்தில் ஒரு சின்னக் குழு செய்தது. அவர்களில் பெரும்பாலானோருக்கு அதுதான் முதல் கேம். நீங்கள் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுட்டால் போதும், கேமே உங்களை இழுத்துக்கொண்டு போகும் என்ற வகையில்தான் முதலில் திட்டமிட்டார்கள். அப்புறம்தான் ஆடுகிறவர் தன் இஷ்டத்துக்கு நடக்கலாம் என்று மாற்றினார்கள். நான்கு பேர் ஒரே டிவியில் திரையைப் பங்குபோட்டு ஆடும் பகுதி இருக்கிறதே, எல்லாரும் இன்றும் ஞாபகம் வைத்திருப்பது, அது கடைசிக் கட்டத்தில் சேர்த்தது. நேரம் இருந்ததால்தான் அப்படிச் சேர்க்க முடிந்தது. எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. படத்தோடு சேர்ந்து வந்தே ஆக வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால் இது நடந்திருக்காது. திரும்பவும் சொல்கிறேன், நேரம்.

இன்னொரு குறையும் இதை ஒட்டியதுதான். படம் ஒன்றரை மணியிலோ இரண்டரை மணியிலோ முடிந்துவிடும். அதே கதையை வைத்து கேமைப் பல மணி நேரம் இழுக்க வேண்டும். அதற்குச் சுலப வழி, கஷ்டமாக்குவது. 'லயன் கிங்' கேமை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடியவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். குரங்குகள் சிங்கக்குட்டி சிம்பாவைத் தூக்கித் தூக்கி எறியும் அந்த இரண்டாவது லெவலைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? அமெரிக்காவில் அந்தக் காலத்தில் கேம்களை வாடகைக்கு எடுத்து ஆடுவார்கள். வாடகை நாட்களுக்குள் முடித்துவிட்டால் அப்புறம் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அதனால்தான் அவ்வளவு கஷ்டமாக்கினோம் என்று அதைச் செய்தவர்களில் ஒருவரான லூயி காசில் பின்னாளில் சொல்லியிருக்கிறார். படம் பிடித்துப்போய் ஓடி வந்த குழந்தைகளை இரண்டாவது லெவலிலேயே நிறுத்திவைத்தது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

சரி, நல்லது எப்படி அமைகிறது? என் கடைக்கு வந்த ஒரு பையனைப் பற்றிச் சொன்னால் புரியும். 'ஸ்பைடர்மேன் 2' படம் 2004-ல் வந்தது. அதன் கேம் பிளேஸ்டேஷன் இரண்டில் கடைக்கு வந்ததும் சனிக்கிழமை வரிசை கட்டிவிட்டது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் வருவான். காசைக் கொடுப்பான், உட்காருவான், நியூயார்க் நகரம் முழுக்க வலையில் தொங்கித் தொங்கிப் போவான். அவ்வளவுதான். கதைப் பக்கமே போக மாட்டான். பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்குத் தாங்காது. "டேய், மிஷனை ஆடுடா", "வில்லன் அங்க இருக்கான்டா" என்று கத்துவார்கள். அவன் காதில் வாங்கமாட்டான். ஒரு கட்டடத்தின் உச்சிக்கு ஏறுவான், கொஞ்சம் நிற்பான், குதிப்பான். தரைக்கு வரும் முன்னால் வலையை வீசுவான். மறுபடி மேலே.

அவன் வீடு சின்னது, ஒரே அறையில் ஐந்தாறு பேர் என்று அவன் தம்பி மூலம் பிற்பாடு தெரிந்தது. அதனால்தான் இப்படி ஆடினான் என்று நான் சொல்ல வரவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் நாளடைவில் அவனைப் பார்த்து அப்படியே ஆட ஆரம்பித்தார்கள். அந்தக் கேமில் வில்லன்களோடு போடும் சண்டைகள் சுமார்தான், கதையும் அங்கங்கே ஒட்டுப்போட்டது போல இருக்கும். ஆனால் வலை! அதற்கு முன் வந்த ஸ்பைடர்மேன் கேம்களில் வலை வானத்தில் எதிலோ ஒட்டிக்கொள்ளும். இதில் பக்கத்தில் நிஜமாகக் கட்டடம் இருந்தால்தான் ஒட்டும். பூங்காவுக்கு மேலே போனால் பிடிக்க ஒன்றும் இல்லை, கீழே இறங்கி ஓட வேண்டியதுதான். எங்கே ஒட்டுகிறது, எவ்வளவு வேகத்தில் விடுகிறோம், எல்லாம் கணக்கு. பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை ஒன்றும் உண்டு. அப்போது பின்னணியில் 'ஃபூனிகுலி ஃபூனிகுலா' என்ற பழைய இத்தாலியப் பாட்டு ஓடும். கோடம்பாக்கத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டினார்கள் என்றால் நம்புவீர்களா?

படம் பார்க்கும்போது நமக்குள் ஒரு ஆசை எழுகிறது. ஸ்பைடர்மேன் படத்தில் அந்த ஆசை, தொங்கிப் பறப்பது. கதையைத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டோமே, அதை மறுபடி நம் கையால் நடத்திக் காட்ட வேண்டியதில்லை. அந்த ஒரு ஆசையைப் பிடித்து நம் கையில் கொடுத்தால் போதும். கொடுத்த கேம்கள் நின்றன. கதையைக் காட்சி காட்சியாகப் படியெடுத்தவை நிற்கவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். முருகதாஸின் 'கஜினி' எல்லாருக்கும் தெரியும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் எதுவும் ஞாபகத்தில் நிற்காத நாயகன். உடம்பில் பச்சை குத்திய குறிப்புகள், கையில் புகைப்படங்கள். கேமுக்கு இதைவிட நல்ல கரு கிடைக்குமா? குறிப்பு எழுதிவைக்க வேண்டும், மறந்த பிறகு அதை மட்டும் நம்பி நடக்க வேண்டும். 2008-ல் இந்திப் பதிப்பு வந்தபோது உண்மையிலேயே கேம் செய்தார்கள், ஹைதராபாத்தில் எஃப்எக்ஸ் லேப்ஸ் நிறுவனம். பிரதானமாக அடிதடியாகத்தான் வந்தது. மறதியை நம் கையில் கொடுத்திருந்தால் இன்றும் உலகம் அதைப் பேசிக்கொண்டிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஏன் எப்போதும் அடிதடி? நம் படங்களில் நாயகன் தோற்கமாட்டான். கேமில் ஆடுகிறவன் தோற்றுக்கொண்டேதான் இருப்பான், தோற்றுத் தோற்றுத்தான் கற்றுக்கொள்வான். உச்ச நட்சத்திரத்தின் முகத்தை வைத்துவிட்டு அவர் நொடிக்கொரு தரம் கீழே விழுவதைக் காட்டுவது செய்கிறவர்களுக்கும் சங்கடம், பார்க்கிற ரசிகனுக்கும் சங்கடம். இந்த இடத்தில் 2017-ல் வந்த 'பாகுபலி' கேமின் யோசனை எனக்குப் பிடித்தது. பெங்களூரு மூன்ஃபிராக் நிறுவனம் செய்தது. நாயகனை ஓடவிடாமல் மகிழ்மதி ராஜ்யத்தை நம் கையில் கொடுத்தார்கள். கட்டு, படை திரட்டு, காலகேயர்களைத் தடு. ராஜ்யம் தோற்கலாம், அதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

தோல்வியையே மையமாக வைத்தது 'ஏலியன்: ஐசோலேஷன்'. வேற்றுக்கிரக ஜந்து ஒன்று மனிதர்களை வேட்டையாடும் 'ஏலியன்' படம் 1979-ல் வந்தது, அதற்கு 2014-ல் கேம். முப்பத்தைந்து வருடம் கழித்து! அந்த ஒற்றை ஜந்துவை உங்களால் கொல்ல முடியாது. ஒளியலாம், மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கலாம். சத்தம் போட்டால் வரும். படம் பார்த்தபோது தியேட்டரில் இருந்த பயம் அப்படியே கைக்கு வருகிறது.

சத்தம் என்றதும், கேம்களில் பின்னணி இசை, குரல் பற்றிக் கடைசியாக விரிவாகப் பேசலாம் என்று வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், இன்னும் ஒரு நிமிடம்தான். சுருக்கமாகச் சொல்கிறேன். வடபழனி, கோடம்பாக்கம், சாலிகிராமம் பகுதியில் எவ்வளவு ஒலிப்பதிவுக் கூடங்கள், எவ்வளவு டப்பிங் கலைஞர்கள்! தமிழில் முழுக்கப் பேசும் ஒரு கேமைச் செய்ய வேண்டிய ஆட்கள் எல்லாரும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறார்கள். படம் எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேம் செய்ய ஆசைப்பட்டால் பட பூஜை அன்றே கேம் செய்கிறவர்களையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். பாட்டு வெளியீடு முடிந்த பிறகு கூப்பிடாதீர்கள். கேம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, வரட்டும். நன்றி, வணக்கம்.