வேகம் இருமடங்கானால்

நேயர்களுக்கு வணக்கம். இயக்க ஆற்றலுக்கான சூத்திரத்தைப் பள்ளியில் நாம் எல்லோருமே மனப்பாடம் செய்திருக்கிறோம்: நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கி, வருவதில் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். வேகத்தை ஏன் இருமுறை பெருக்க வேண்டும் என்று கேட்கும் மாணவருக்கோ, "சூத்திரம் அப்படி" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. இன்று அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

20 மீட்டர் உயரத் தென்னையில் ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு தேங்காய் தொங்குகிறது. அந்த உயரத்தால் அதற்குள்ள நிலை ஆற்றல், ஆற்றலின் அலகான ஜூலில், ஏறத்தாழ 300. காம்பு அறுந்து விழுந்தால், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாதபோது, அந்த 300 ஜூலும் இயக்க ஆற்றலாகித் தரையில் வந்து இறங்கும். விழத் தொடங்கிய முதல் நொடியின் முடிவில் அதன் வேகம் நொடிக்கு 10 மீட்டர். இரண்டாம் நொடியின் முடிவில் 20 மீட்டர். ஒவ்வொரு நொடியும் கூட்டுகிற வேகம் ஒன்றுதான். ஆனால் முதல் நொடியில் காய் கடந்த தூரம் வெறும் 5 மீட்டர். இரண்டாம் நொடியிலோ, ஏற்கெனவே ஓட்டத்தில் இருப்பதால், 15 மீட்டரைக் கடந்துவிடுகிறது. 20 மீட்டருக்கு 300 ஜூல் என்றால் மீட்டருக்கு 15 ஜூல்; ஆகவே வேகத்தின் முதல் பத்துக்கு 75 ஜூலும், அடுத்த பத்துக்கு 225 ஜூலும் செலவாகின்றன. வேகம் இருமடங்காகும்போது ஆற்றல் நான்கு மடங்காவது இப்படித்தான். சூத்திரத்திலுள்ள இருமடிக்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இது அறிஞர்களுக்கே எளிதில் விளங்கிய செய்தியன்று. கணக்கில் கொள்ள வேண்டியது வேகத்தையா, அதன் இருமடியையா என்று 1686இல் ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ் தொடங்கிவைத்த விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. நெதர்லாந்தின் லெய்டனில் பேராசிரியராக இருந்த கிரேவ்சாண்டே, பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரங்களிலிருந்து மென்களிமண்ணில் போட்டு, அவை பதித்த குழிகளை ஒப்பிட்டு, வேகம் இருமடங்கானால் குழி நான்கு மடங்காவதைக் கண்டார். அந்தச் சோதனையின் உட்பொருளை உணர்ந்து 1740இல் வெளியான தம் நூலில் இருமடிக்காக வாதிட்டவர் எமிலி டு ஷாத்தலே என்ற பிரெஞ்சுப் பெண்மணி. நம் பாடநூல்களில் அவர் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கினால் தகும்.

சாலையிலும் இதே கணக்குதான். மணிக்கு 30 கிலோமீட்டரில் செல்லும் மோட்டார் சைக்கிள் பிரேக் பிடித்தபின் எவ்வளவு தூரம் ஓடி நிற்குமோ, அதே சாலையில் 60இல் சென்றால் அதைப்போல் நான்கு மடங்கு தூரம் ஓடித்தான் நிற்கும். பெட்ரோலின் வேதி ஆற்றலில் ஒரு பகுதி இயக்க ஆற்றலாகியிருந்தது. பிரேக் கட்டை அதைத் தேய்த்து வெப்பமாக்குகிறது. ஆற்றல் அழியவில்லை, கைமாறுகிறது.

அந்த வெப்பம் எவ்வளவு இருக்கும் என்பதை மலைப்பாதையில் பார்க்கலாம். 10 டன் எடையுள்ள ஒரு பேருந்து 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், அது இழக்கும் நிலை ஆற்றல் 10 கோடி ஜூல். ஏறத்தாழ 300 லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இத்தனையையும் பிரேக்கின் தலையில் கட்டினால் அது பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழந்துவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் ஓட்டுநர், பிரேக்கை அவ்வப்போது மட்டுமே மிதித்து, வண்டியைச் சின்ன கியரிலேயே வைத்திருப்பது இதனால்தான். மலையின் உயரத்தில் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக் காற்றில் விட்டுவிடுகிறது, மீதி அடிவாரத்தில் வண்டி நின்றதும் சக்கரத்தருகே லேசான கருகல் வாடையாக நம் மூக்கை எட்டுகிறது.