மோட்டார், சிரிஞ்ச், பேட்டரி இவ்வளவுதானா? உடம்பில் ஒட்டும் மருந்து பம்ப் பற்றி ஒரு சந்தேகம்

அடுத்த கேள்வி. மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு: "சார், இன்சுலின் பம்ப்பைப் பிரிச்சுப் பார்த்தா ஒரு குட்டி மோட்டார், ஸ்க்ரூ, சிரிஞ்ச், பேட்டரி, அவ்வளவுதான் இருக்கு. இதுக்கு ஏன் இவ்வளவு விலை? உடம்புல ஒட்டிக்கிற மாதிரி மலிவா ஒண்ணு புராஜெக்டா செய்யலாமா?"

செய்யலாம் தம்பி. ஆனா மோட்டாரை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. வழக்கமான இன்சுலின்ல 1 மில்லிலிட்டருக்கு 100 யூனிட். அப்போ 1 யூனிட்னா 10 மைக்ரோலிட்டர். பம்ப் ஒரு தடவைக்கு 0.05 யூனிட் தள்ளணும்னா அது அரை மைக்ரோலிட்டர். சிரிஞ்சோட உள்விட்டம் 9 மில்லிமீட்டர்னு வெச்சுக்கோங்க, பிஸ்டன் எவ்வளவு நகரணும்? சுமார் 8 மைக்ரான். தலைமுடி 70 மைக்ரான்னா, அதுல ஒன்பதுல ஒரு பங்கு.

இதைக் கேட்டு மோட்டாரை நினைச்சு பயப்படாதீங்க. ஒரு சுத்துக்கு அரை மில்லிமீட்டர் நகர்ற ஸ்க்ரூ போட்டா, 8 மைக்ரானுக்கு அதை 6 டிகிரி திருப்பினாப் போதும். கியர் வெச்ச சாதாரண மோட்டாரே அதைச் செஞ்சிடும். படுத்தறது ரப்பர். சிரிஞ்ச் பிஸ்டனோட ரப்பர் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். பின்னாடி ஸ்க்ரூ தள்ளத் தள்ள அமுங்கிக்கிட்டே இருக்கும், திடீர்னு ஒரு குதி குதிக்கும். நான் முதல்ல செஞ்சு பார்த்தப்போ ரொம்ப நேரம் ஒண்ணுமே வரலை. மோட்டார் ஓடலைன்னு நெனச்சு புரோகிராமை மூணு தடவை மாத்தினேன். அப்புறம் பார்த்தா ஒரே சொட்டா வந்து விழுது.

இப்போ விலைக்கு வருவோம். மோட்டாரை ஆன் ஆஃப் பண்ற டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆயிடுச்சுன்னு வைங்க. மோட்டார் நிக்காம ஓடும், உள்ள இருக்கற 200 யூனிட்டும் ஒரேயடியா உடம்புக்குள்ள போயிடும். அதனால முதல் சர்க்யூட்டை நம்பாத இரண்டாவது சர்க்யூட் ஒண்ணு கரண்டைத் துண்டிக்கத் தயாரா இருக்கணும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அடைப்பு. மணிக்கு 1 யூனிட் போகுதுன்னா வெறும் 10 மைக்ரோலிட்டர். கேனுலா, அதாவது தோலுக்குள்ள போற குட்டிக் குழாய், மடங்கி அடைச்சுக்கிட்டாலும் ட்யூபும் ரப்பரும் கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சு கொடுக்கும். அழுத்தம் ஏறி அலாரம் அடிக்கறதுக்குள்ள சில மணி நேரம் ஓடிடலாம். டைப் 1 சர்க்கரை நோயாளிக்கு உடம்பு தானா இன்சுலின் சுரக்காது, அதனால அந்த நேரம் பெரிசு. காத்துக் குமிழியும் சும்மா இல்லை, 10 மைக்ரோலிட்டர் குமிழி ஒண்ணு போனா 1 யூனிட் போகலைன்னு அர்த்தம். நீங்க பிரிச்சுப் பார்த்ததுல கண்ணுக்குத் தெரியாத செலவு இதுலதான் இருக்கு.

அதனால நான் உங்ககிட்ட திருப்பிக் கேக்கறது: எந்த மருந்துக்கு? தலசீமியாங்கற ரத்த நோய் இருக்கறவங்களுக்கு உடம்புல சேர்ற இரும்புச்சத்தை வெளியேத்த டெஸ்ஃபெரியாக்சமின்ங்கற மருந்தை தோலுக்கடியில 8 முதல் 12 மணி நேரம் மெதுவா ஏத்துவாங்க. அங்க நேரம் கொஞ்சம் முன்னப் பின்ன ஆனா பெரிய ஆபத்து இல்லை. ஸ்பிரிங்கும் மெல்லிசான ட்யூபும் போதும், பேட்டரியே வேண்டாம். இன்சுலின்லயே வி-கோன்னு ஒண்ணு வந்துச்சு. பேட்டரி கிடையாது, 24 மணி நேரத்துக்கு 20, 30, இல்லைன்னா 40 யூனிட், சாப்பாட்டுக்கு பட்டனை அமுக்கினா 2 யூனிட். அளவை நுணுக்கமா மாத்த முடியாது, ஆனா பல டைப் 2 சர்க்கரை நோய்க்காரங்களுக்கு அந்த நுணுக்கம் தேவையும் இல்லை.

ஸ்பிரிங்னு சொன்னதும் சந்தோஷப்பட்டுடாதீங்க! ட்யூபோட ஆரம் 5 சதவீதம் கூடினா ஓட்டம் 20 சதவீதத்துக்கு மேல கூடும், ஓட்டம் ஆரத்தோட நாலாவது அடுக்குல (நாலு தடவை பெருக்கின கணக்குல) ஏறும் இல்லையா. தண்ணி மாதிரி திரவம் 25 டிகிரியில இருந்து 35 டிகிரிக்குப் போனா ஓட்டம் கிட்டத்தட்ட கால்வாசி கூடும். போர்வைக்குள்ள ஒரு அளவு, வெளியில ஒரு அளவு.

இல்லை சார், இன்சுலின்தான் செய்யப்போறேன்னா, ரெண்டா பிரிச்சுக்கோங்க. மோட்டாரும் சர்க்யூட்டும் வருஷக்கணக்கா வெச்சுக்கறது. மருந்து தொடற பாகம், ஊசி, ஒட்டுற பட்டை, இது மூணு நாளைக்கு ஒருக்கா தூக்கிப் போடறது. மருந்து தொடற பாகத்தை 3டி பிரிண்ட் பண்ணாதீங்க. அடுக்குக்கு அடுக்கு இடுக்கு இருக்கும், சுத்தப்படுத்த முடியாது. இன்சுலினும் எல்லா பிளாஸ்டிக்கோடயும் ஒத்துப்போகாது, திரிஞ்சு கட்டியாகும். பேனாவுல போடற 3 மில்லி கார்ட்ரிட்ஜை அப்படியே எடுத்துக்கறதைத்தான் நான் முதல்ல யோசிப்பேன், அந்தக் கண்ணாடியையும் ரப்பரையும் மருந்தோட ஏற்கெனவே சோதிச்சிருப்பாங்க. என்ன, அதுல ரப்பர் கொஞ்சம் ஜாஸ்தியாவே பிடிக்கலாம்.

இப்போதைக்கு தண்ணியை வெச்சு மட்டும் சோதிங்க, யார் உடம்புலயும் மாட்டிடாதீங்க. நுண்தராசு மேல குட்டி பீக்கர்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி, ஊசி முனையை அதுக்குள்ள முக்கி வைங்க. மேல ஒரு படலம் எண்ணெய் மிதக்கட்டும், இல்லைன்னா வர்ற தண்ணி ஆவியாகிற தண்ணியில காணாமப் போயிடும். ராத்திரி முழுக்க ஓடவிட்டு எடையை கிராஃபா போடுங்க. கோடு படிக்கட்டு மாதிரி வந்துச்சுன்னா ரப்பரைப் பாருங்க, புரோகிராம்ல கை வைக்காதீங்க.