காபி சக்கையில கான்கிரீட்: மெல்போர்ன்ல நிஜமாவே நடைபாதையா போட்டுட்டாங்க

வணக்கம் மக்களே! டிகாஷன் இறக்கின பிறகு ஃபில்டர்ல ஈரமா ஒட்டிக்கிட்டு இருக்குமே சக்கை, அதை மிஞ்சிப்போனா ரோஜாச் செடிக்குப் போடுவோம். ஆஸ்திரேலியாவுல வருஷத்துக்கு சுமார் 75,000 டன் இந்த சக்கை சேருது, பெரும்பாலும் குப்பைக் கிடங்குக்குத்தான் போகுது, அங்க காத்து படாம அழுகும்போது மீத்தேன் வரும், அது கார்பன் டை ஆக்சைடை விட 20 மடங்குக்கும் மேல பூமியை சூடாக்குற வாயு.

இன்னொரு பக்கம் மணல் பிரச்சனை. உலகம் முழுக்க வருஷத்துக்கு மணலும் ஜல்லியுமா சுமார் 5,000 கோடி டன் அள்ளுறாங்க. பாலைவனத்துல இல்லாத மணலான்னு கேப்பீங்க, அது காத்துல உருண்டு உருண்டு வழுவழுன்னு ஆயிடும், கான்கிரீட்டுக்கு சரிப்படாது, அதான் எல்லாரும் ஆத்துலயே கை வைக்கிறாங்க. நம்ம ஊரு ஏன் பாறையை உடைச்சு செய்யுற எம்-சாண்டுக்கு மாறுச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

இந்த ரெண்டையும் சேர்த்துப் பாத்தவங்கதான் மெல்போர்ன் ஆர்எம்ஐடி யுனிவர்சிட்டி டீம், ராஜீவ் ராய்சந்த் தலைமையில. 2023ல ரிசல்ட் வெளியிட்டாங்க.

சக்கையை அப்படியே கலவையில கொட்டினா என்ன ஆகும்? கெட்டுப்போகும். அதுல இருக்கிற ஆர்கானிக் பொருள் கசிஞ்சு வந்து சிமெண்ட் செட் ஆகுறதையே தடுக்கும், பலம் இறங்கிடும். அதனால முதல்ல ஆக்சிஜன் இல்லாம சூடு பண்ணி கரியாக்குறாங்க, பயோசார்னு பேரு. ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலத்தை அடுக்கி மண்ணைப் போட்டு மூடி கரிமூட்டம் போடுவாங்கல்ல, கிட்டத்தட்ட அதே தத்துவம்தான், ஆனா இங்க சூட்டை அளந்து வைக்கணும். 350 டிகிரி, 500 டிகிரி ரெண்டுலயும் பண்ணிப் பாத்தாங்க, 350ல பண்ணின கரிதான் ஜெயிச்சது, 500க்கு ஏத்தினா அந்தத் துகளே நொறுங்குற மாதிரி பலவீனமாயிடுது.

350 டிகிரி கரியை மணல்ல 15 சதவீதத்துக்கு பதிலா போட்டப்போ கான்கிரீட் பலம் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடியிருக்கு! குறையாம இருந்தாலே பெரிய விஷயம், கூடியிருக்குங்க. கரித்துகள் பூரா குட்டிக் குட்டி ஓட்டை, அது தண்ணிய உறிஞ்சி வெச்சுக்கிட்டு கான்கிரீட் காய காய மெதுவா வெளிய விடும், அதாவது தண்ணி ஊத்தி ஈரமா வெச்சு கான்கிரீட்டை இறுக வைக்கிற கியூரிங் வேலை உள்ளுக்குள்ளயே நடக்குது, சிமெண்ட் பாலும் அந்த ஓட்டைக்குள்ள இறங்கி கெட்டியா பிடிச்சுக்குது.

லேபோட நிக்கல. 2024ல மெல்போர்ன் பக்கத்துல கிஸ்போர்ன்ங்கிற ஊர்ல நடைபாதை போட்டாங்க, அப்புறம் பேக்கன்ஹாம்ல ஒரு ரோடு வேலையில 5 டன் சக்கையை 2 டன் கரியாக்கி நடைபாதைக்கே பயன்படுத்துனாங்க. நடைபாதையில ஆரம்பிச்சது ரொம்ப சரின்னு நான் சொல்வேன், விரிசல் விட்டா பேத்து எடுத்துட்டு வேற போடலாம், பில்டிங் தூண்ல அப்படிப் பண்ண முடியாது. வெயில், மழை, வண்டி பாரம் எல்லாத்தையும் இந்த கான்கிரீட் பல வருஷம் தாங்கணும், அதுக்கு அவசரப்படக் கூடாது.

அதே 5க்கு 2 கணக்கு போட்டா ஆஸ்திரேலியாவோட மொத்த சக்கையும் 30,000 டன் கரிதான், 5,000 கோடி டன்னுக்கு முன்னாடி இது தூசு. அதனால ஆத்து மணலைக் காப்பாத்த இது மட்டும் போதாது, ஆனா குப்பைக்குப் போற 75,000 டன்னுக்கு இதை விட உருப்படியான வழி எனக்குத் தெரியல.

ஒண்ணே ஒண்ணு, வீடு கட்டுறவங்க யாரும் இதைப் பாத்துட்டு மேஸ்திரிகிட்ட சக்கையைக் கொடுத்து கலவையில போடச் சொல்லிடாதீங்க, கரியாக்காத சக்கை உங்க தளத்தைக் கெடுத்துடும்.