கொடியேற்றிய நாளில் கணக்குக் கேட்கலாமா? ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். கார்கில் போர் பற்றிய பேச்சுக்குப் பிறகு வந்து குவிந்த கேள்விகளில், திருப்பூரிலிருந்து ஒரு நேயர் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதன் முதல் பாதி பலரும் கேட்பது. இரண்டாம் பாதியை இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அவர் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கிறேன்: "ஐயா, பணமதிப்பு நீக்கத்தைப் பற்றி ஏதாவது பேசினால் எனக்கு நாட்டுப்பற்று இல்லை என்கிறார் என் பெரியப்பா. சந்திரயான் நிலவில் இறங்கிய மாலையில் நான் தொலைக்காட்சி முன் கைதட்டியதற்கு, 'நீயும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டாயா' என்று கேலி செய்தான் என்னுடன் படித்தவன். இருவருக்கும் நான் என்ன பதில் சொல்வது?"

நண்பருக்கான பதில் சுருக்கமானது என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம். நிலவுக்குக் கலம் அனுப்பும் திட்டத்தை 2003 சுதந்திர தின உரையில் அறிவித்தவர் வாஜ்பாய். 2008 அக்டோபரில் முதல் கலம் புறப்பட்டபோது பிரதமராக இருந்தவர் மன்மோகன் சிங். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3இன் இறங்குகலமான விக்ரம் தரையிறங்கியபோது பிரதமர் மோடி. சந்திரயான் வரிசையின் மூன்று கலங்களுக்கும் திட்ட இயக்குநர்களாக இருந்த மயில்சாமி அண்ணாதுரை, வனிதா, வீரமுத்துவேல் ஆகிய மூவரும் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். இதில் எந்தக் கட்சிக்காக நீங்கள் கைதட்டினீர்கள் என்பதை அந்த நண்பரையே கண்டுபிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். அரசு பிடிக்கவில்லை என்பதற்காக நாட்டின் வெற்றியில் முகம் சுளிப்பவர், அந்த வெற்றி முழுவதையும் அரசுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறார். ஆளுங்கட்சியின் பிரசாரகர்கள்கூட அவ்வளவு தாராளமாக எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

அதோடு நண்பருக்கு இன்னொன்றையும் சொல்லலாம். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான் 2 இறங்குகலம் நிலவில் மோதி நொறுங்கியபோது, இஸ்ரோ தலைவர் பிரதமரின் தோளில் சாய்ந்து அழுததை நாம் எல்லோரும் பார்த்தோம். அழுகை அன்றைய காலையோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு பொறியாளர்கள் உட்கார்ந்து எங்கே பிழை என்று தேடினார்கள். இயந்திரங்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தது, பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன, இறங்குவதற்கென்று ஒதுக்கிய இடமோ ஐந்நூறு மீட்டர் சதுரம் மட்டுமே. அடுத்த முறை அந்த இடம் சுமார் நான்கு கிலோமீட்டர் நீளமும் இரண்டரைக் கிலோமீட்டர் அகலமுமாக விரிந்தது. என்னவெல்லாம் தவறலாம் என்ற கேள்வியிலிருந்தே அந்தக் கலம் வடிவமைக்கப்பட்டதாக, அப்போதைய தலைவர் சோமநாத் வெளிப்படையாகவே சொன்னார். நீங்கள் கைதட்டிய வெற்றியே, எங்கே தவறு என்று கேட்டதிலிருந்து வந்ததுதான்.

இப்போது பெரியப்பா. பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், மீண்டும் கார்கிலுக்கே போகிறேன். இந்தக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை. 527 வீரர்களைப் பறிகொடுத்துப் பெற்ற அந்த வெற்றி 1999 ஜூலை 26 அன்று உறுதியாயிற்று. ஊர் ஊராக ஊர்வலங்கள் நடந்துகொண்டிருந்த அந்த வாரத்திலேயே, ஜூலை 29 அன்று, வாஜ்பாய் அரசு ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் கே. சுப்ரமணியம் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் தந்தை. குழுவில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியும் இருந்தார், பி.ஜி. வர்கீஸ் என்ற பத்திரிகையாளரும் இருந்தார். அவர்கள் முன்னிருந்த கேள்வி மிக எளியது, அதே அளவுக்குச் சங்கடமானது: அந்நியர்கள் நம் மலைமுகடுகளில் வந்து பதுங்குகுழி அமைத்தது நமக்கு ஏன் தெரியாமல் போயிற்று? தொலைந்துபோன யாக் மாட்டைத் தேடிச் சென்ற ஒரு மேய்ப்பர்தான் மலைமேல் ஆட்களைக் கண்டு வந்து படையினரிடம் சொன்னார் என்பதை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு உளவு அமைப்புகள் இருந்தும் முதல் தகவல் மேய்ப்பரிடமிருந்து வந்ததா என்று கேட்பது, மலையில் உயிர் கொடுத்தவர்களை அவமதிப்பதாகும் என்று அன்றைய அரசு சொல்லவில்லை. அமைப்புகள் தமக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்வதில் இருந்த ஓட்டைகளைக் குழு எழுதியது. பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சில பகுதிகளை நீக்கிவிட்டு, 2000 பிப்ரவரியில் அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2002இல் ராணுவ உளவுக்கென்று தனி முகமை வந்தது. முப்படைகளுக்கும் ஒரே தலைமைத் தளபதி என்ற யோசனை இழுபட்டு இழுபட்டு 2020 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

போர் முடிந்த பிறகு கேட்கலாம், நடக்கும்போது வாய்மூடி இருக்க வேண்டும் என்று உங்கள் பெரியப்பா சொல்லக்கூடும். 1962ஐ அவருக்கு நினைவூட்டுங்கள். அக்டோபர் 20 அன்று சீனப் படைகள் தாக்கத் தொடங்கின. நாடாளுமன்றத்தை உடனே கூட்ட வேண்டும் என்று கேட்டவர்களில் ஒருவர், அப்போது மாநிலங்களவையில் இருந்த இளைஞர் வாஜ்பாய். நேரு ஒப்புக்கொண்டார். நவம்பர் 8 அன்று அவை கூடியது. போர் ஓய்வதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்த நேரத்தில், நாட்கணக்கில் விவாதம் நடந்தது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதற்குள் பதவி விலக நேர்ந்திருந்தது. ஆளுங்கட்சியின் உறுப்பினர்களே எழுந்து, படைவீரர்களுக்கு ஏன் குளிருடை இல்லை என்று கேட்டார்கள்.

இதற்குப் பிறகு பணமதிப்பு நீக்கத்துக்கு வந்தால் விஷயம் தெளிவாக இருக்கும். 2016 நவம்பர் 8க்குப் பிந்தைய வாரங்களில், "எல்லையில் பனியில் ராணுவ வீரர் நிற்கிறார், உன்னால் வங்கி வாசலில் சில மணி நேரம் நிற்க முடியாதா" என்ற வாசகம் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. அந்த வாசகத்தின் சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. வங்கி வாசலில் நிற்பவர் கேட்டது ரூபாய் நோட்டைப் பற்றி. கிடைத்த பதிலோ பனிமலையைப் பற்றி. வீரரின் தியாகத்தின் முன் யார்தான் எதிர்வாதம் செய்வார்? கேள்வி அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதியை ரிசர்வ் வங்கியே 2018 ஆகஸ்டில் தன் ஆண்டறிக்கையில் வெளியிட்டது: செல்லாது என்று அறிவிக்கப்பட்ட 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி, அதாவது 99.3 விழுக்காடு, வங்கிகளுக்குத் திரும்பி வந்துவிட்டது. பெருந்தொகை ஒன்று திரும்பாமலே அழியும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. எதிர்த்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 2 அன்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்த நடவடிக்கையைச் சட்டப்படி செல்லும் என்று ஏற்றது, நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார். நோக்கம் நிறைவேறியதா என்பது தன் முன்னுள்ள கேள்வியாகாது என்றே பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. ஆகவே தீர்ப்பைக் காட்டி, கொள்கை வென்றது என்பவரும் அதைப் படிக்கவில்லை, 99.3 என்ற எண்ணைக் காட்டி, சட்டவிரோதம் என்பவரும் படிக்கவில்லை.

உலகின் நான்காவது பெரிய பொருளாதாரம் என்ற பெருமையும் இவ்வகைதான். ஜப்பானைத் தாண்டுகிறோம் என்று 2025இல் சொல்லப்பட்டதும் ஒரு கணக்கு. நம் வருமானம் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 2,700 டாலர் என்று வரும்போது ஜப்பானியர் நம்மைவிடப் பத்து மடங்குக்கும் மேலே இருக்கிறார் என்பதும் ஒரு கணக்கு. ஒரு கணக்கைச் சொன்னவுடன் மற்றதைச் சொன்னவரைத் துரோகி என்பதற்கு இதில் எதுவுமில்லை.

நான் அதிகம் யோசித்தது வேறொன்றை. பெருமையின் சின்னமான தேசியக் கொடியே ஓர் அரசுக் கொள்கைக்கு உட்பட்ட பொருள்தான் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு வகுத்த தர விதிகளில் முதல் எண்ணைத் தாங்கியிருப்பது கொடிக்கான விதி. நூலின் தடிமன், நெசவின் நெருக்கம், சாயம் வெயிலுக்கும் நீருக்கும் தாங்குகிறதா என்பது, துணியின் இரு புறமும் சக்கரத்தின் 24 ஆரங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்கின்றனவா என்பது வரை அது சோதிக்கச் சொல்கிறது. கர்நாடகத்தில் ஹுப்பள்ளியை ஒட்டிய பெங்கேரியில் இருக்கும் கதர் மையத்தில், பெரும்பாலும் பெண்கள், அந்த விதிப்படி கொடி தைத்துக்கொண்டிருக்கிறார்கள். கையால் நூற்று, கையால் நெய்த துணியில் மட்டுமே கொடி இருக்க வேண்டும் என்பது கொடி விதித்தொகுப்பில் இருந்த விதி. 2021 டிசம்பர் 30 அன்று அது திருத்தப்பட்டு, இயந்திரத்தில் நெய்த துணியும் பாலியஸ்டரும் அனுமதிக்கப்பட்டன. அடுத்த ஆகஸ்டில் வீடுதோறும் மூவண்ணக் கொடி என்ற இயக்கம் நடந்தது. மலிவான கொடி கிடைத்ததால் கோடிக்கணக்கான வீடுகளில் அது பறந்தது. அதே திருத்தத்தை எதிர்த்து, கொடி தைத்தே பிழைத்துவந்த கதர்த் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

இங்கே பெரியப்பாவிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது: கொடியின் விதியை மாற்றாதே என்று கேட்ட அந்தப் பெண்களிடம் நாட்டுப்பற்று இல்லை என்பாரா? என் சொந்தக் கருத்தைக் கேட்டால், ஏழை வீட்டுக்கும் எட்டும் விலையில் கொடி கிடைக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அரசு அலுவலகங்களுக்குக் கதர்க் கொடி மட்டுமே என்ற அளவிலாவது பழைய விதியைக் காப்பாற்றியிருக்கலாம். இதில் மாறுபடுபவரோடு நான் இரவு முழுவதும் வாதாடத் தயார். அவருடைய பற்றைப் பற்றி மட்டும் பேச மாட்டேன்.

இந்தக் குழப்பம் ஒரே கட்சிக்குச் சொந்தமானது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். "இந்திராதான் இந்தியா" என்று முழங்கியவர் காங்கிரஸ் தலைவர் பரூவா. நெருக்கடி நிலையின்போது அமெரிக்காவில் இருந்துகொண்டு அந்த அரசை எதிர்த்துப் பேசியவர்களில் சுப்பிரமணியன் சுவாமியும் ராம் ஜெத்மலானியும் உண்டு. வெளிநாட்டில் நின்று விமர்சிப்பது துரோகம் என்று இன்று சொல்பவர்கள் அந்த அத்தியாயத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள். சட்டத்தைப் பற்றிக் கேட்டால், திலகரும் வ.உ.சி.யும் காந்தியும் தண்டிக்கப்பட்ட, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் ராஜத்துரோகப் பிரிவான அந்த 124ஏ பிரிவையே, அரசின் நடவடிக்கைகளைக் கடுமையாகக் கண்டிப்பது அதில் அடங்காது, வன்முறைக்கோ பொது ஒழுங்குக் குலைவுக்கோ தூண்ட வேண்டும் என்று 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது.

நேயர் மன்னிக்க வேண்டும். அவர் கேட்டதைவிட, கேட்டிருக்கலாமே என்று நான் நினைக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. கேட்கலாமா என்பதிலேயே நாம் நின்றுகொண்டிருக்கிறோம். எதை, யாரிடம், எந்தத் தாளை வைத்துக் கேட்பது என்பதற்கு வருவதே இல்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். அந்த நாள்களில் இரண்டு, குடியரசு தினமும் சுதந்திர தினமும். காலையில் கொடி, அதன் பின் கணக்கு. இதை முடிவுசெய்தவர்களுக்கு இரண்டும் ஒரே நாளில் நடப்பதில் முரண்பாடு தோன்றவில்லை.

நண்பர் ஒருவரின் ஊரில் ஒரு சுதந்திர தினத்தன்று அந்தக் கூட்டத்தில் நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பள்ளி வளாகத்தில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடிந்ததும், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு ஊராட்சிச் செயலாளர் வரவு செலவை வாசித்தார். மேலத் தெருவில் ஆறு தெருவிளக்குகள் மாற்றப்பட்டன என்று வாசித்தபோது, சேலையில் காகிதக் கொடி குத்தியிருந்த ஓர் அம்மா எழுந்து, "எங்க தெருவுல எரியுறது ரெண்டுதானேய்யா, மிச்சம் நாலு எங்க?" என்றார். "நல்ல நாளும் அதுவுமா இதையெல்லாம் பேசணுமா ஆத்தா?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னைக்குத்தான வாசிக்கிறீக? நாளைக்கு வந்தா எவரு வாசிப்பா?" என்றார். செயலாளர் பதிவேட்டைப் புரட்டினார்; கூட்டம் சும்மா இருந்தது. கடைசியில், பொருத்தாத விளக்குகளை இரண்டு வாரத்துக்குள் பொருத்த வேண்டும் என்று தீர்மானம் எழுதி, அந்த அம்மாவிடமும் கையெழுத்து வாங்கினார்கள். சேலையில் இருந்த கொடியை அவர் கழற்றவில்லை.

திருப்பூர் நேயர் இருப்பது மாநகராட்சி எல்லைக்குள்ளா, ஊராட்சியிலா என்பதை எழுதவில்லை. ஊராட்சி என்றால் அடுத்த கிராம சபைக்குப் பெரியப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள்; தேசியக் கொடிக்கு வணக்கம் செலுத்திய பிறகு, வாசிக்கும் கணக்கில் உங்கள் தெருவைப் பற்றிய ஒரு வரியையாவது அவரே சரிபார்க்கட்டும். மாநகராட்சி என்றால் 2022 முதல் பகுதி சபை என்ற ஏற்பாடு இருக்கிறது. அதில் யார் உறுப்பினர், எப்படிக் கேள்வி கொடுப்பது என்று வேறு சிலரும் கேட்டிருப்பதால், அதை அடுத்த பேச்சில் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். வணக்கம்.